ஏழு மாதப் பணம், பதினான்கு மாத வேலை

கேள்வி: நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருக்கிறோம். புரோகிராமிங் என்னுடையது, படம், அனிமேஷன் எல்லாம் அவள். இருவரும் வேலையை விட்டு 14 மாதம் ஆகிறது. கதையோடு போகும் புதிர் கேம். ஆறு அத்தியாயம் திட்டம். மூன்று முடிந்துவிட்டது, நான்காவது பாதியில் நிற்கிறது. ஒரு அத்தியாயம் விளையாட ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இன்னும் பதினோரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் சேமிப்பு ஏழு மாதத்துக்குத்தான் வரும். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் 3,100 பேர் விஷ்லிஸ்டில் (வாங்க விரும்பும் பட்டியலில்) சேர்த்திருக்கிறார்கள். 15 டாலர் விலை வைத்து 10,000 பிரதி விற்றால் 1,50,000 டாலர், ஆளுக்குப் பாதி என்பது எங்கள் கணக்கு. கேமை வெளியிட்டு விற்றுத் தரும் ஒரு சிறிய பப்ளிஷர் 40,000 டாலர் அட்வான்ஸ் தருவதாகவும், அதன் பிறகு வருமானத்தில் பாதிக்குப் பாதி என்றும் சொல்கிறார்கள். வீட்டின் மேல் கடன் வாங்கிக்கொள்ளலாம், பப்ளிஷருக்கு எதற்குப் பாதி கொடுக்க வேண்டும் என்கிறார் என் கணவர். கப்ஹெட் என்ற கேமைச் செய்தவர்களும் வீட்டை அடமானம் வைத்துத்தானே செய்தார்கள்? கிரவுட்ஃபண்டிங் (பொதுமக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டுவது) முயன்று பார்க்கலாமா? செலவைக் குறைக்க இப்போது கேம் செய்யும் யூனிட்டி எஞ்சினை (மென்பொருளை) விட்டு கோடோ எஞ்சினுக்கு மாறலாமா? எது சரி என்று தெரியாமல் தவிக்கிறோம்.
— பெயர் வேண்டாம்

பதில்: பன்னிரண்டு வருடமாகச் சிறு கேம் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதே கட்டத்தில்தான் வருகின்றன. கேம் பாதி தாண்டியிருக்கும், பணமும் பாதி தாண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, மிச்சம் இருக்கும் பணத்தைத் தொகையாகச் சொல்லாமல் ஏழு மாதம் என்று சொன்னது. அதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் செலவழிக்கும் பொருள் மாதம்தான். சாஃப்ட்வேர், கணினி, இசை எல்லாம் சேர்ந்தாலும் இரண்டு பேர் உண்டு உறங்கி உட்கார்ந்து வேலை செய்யும் செலவுக்குப் பக்கத்தில் வராது.

ஆனால் அந்தப் பதினோரு மாதக் கணக்கு உதைக்கிறது. 14 மாதத்தில் மூன்றரை அத்தியாயம், அதாவது ஒன்றுக்கு நான்கு மாதம். மீதி இரண்டரை அத்தியாயத்துக்கு அதே வேகத்தில் பத்து மாதம் போய்விடும். அப்புறம் ஒரே ஒரு மாதம்தான் மிச்சம். சேவ் ஃபைல் சிக்கல்கள், மெனு, கண்ட்ரோலர் ஆதரவு, ஒலி அளவு சரிபார்த்தல், டிரெய்லர், மொழிபெயர்ப்பு, வெளியாட்களை வைத்து விளையாடிப் பார்ப்பது, அவர்கள் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பார்த்துப் புதிரையே மாற்றுவது என அத்தனையும் அந்த ஒரு மாதத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காது. முதல் அத்தியாயத்தில் அடிப்படை வேலையும் சேர்ந்திருக்கும், பிந்தியவை வேகமாக நடக்கும் என்று நீங்கள் சொல்லலாம். ஓரளவு உண்மை. ஆனால் கதை கேமில் கடைசி அத்தியாயம்தான் அதிகம் அடித்துத் திருத்தப்படுவது. ஆக, பதினான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருப்பது ஏழு. பாதிதான்.

அடுத்து அந்த 1,50,000 டாலர். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் பப்ளிஷர், கடன் இரண்டுக்கும் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

10,000 பிரதி என்றே வைத்துக்கொள்வோம். 15 டாலர் என்பது ஒட்டி வைக்கும் விலை. எல்லோரும் அந்த விலையில் வாங்குவதில்லை. வெளியீட்டுத் தள்ளுபடி இருக்கும், பருவகாலத் தள்ளுபடி இருக்கும். பல நாடுகளில் விலையையே குறைத்து வைக்க வேண்டும். முதல் வருடம் முழுவதும் பார்த்தால், என் கைக்கு வந்த கேம்களில் சராசரி விலை ஒட்டிய விலையில் அறுபது சதவீதத்தைச் சுற்றி நிற்கும். 9 டாலர் என்று போடுங்கள். 90,000 ஆயிற்று. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் யார் வேண்டுமானாலும் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது ஸ்டீமின் விதி. அதற்குப் பத்து சதவீதம் கழித்தால் 81,000. பல நாடுகளில் விலைக்குள்ளேயே விற்பனை வரி அடங்கியிருக்கும். மொத்தத்தில் எட்டு சதவீதம் அளவுக்குக் கழித்தால் சுமார் 74,500. இதில் ஸ்டீமின் பங்கு 30 சதவீதம், அதாவது 22,350 டாலர். அந்தப் பங்கு 25 ஆகக் குறைய வேண்டுமானால் ஒரு கேம் ஒரு கோடி டாலருக்கு மேல் ஈட்ட வேண்டும். அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். மிச்சம் 52,150 டாலர். அதாவது பிரதிக்கு ஐந்தேகால் டாலர்.

இதற்குப் பிறகும் வரி இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற பகுதியின் மேல், உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்லாவிட்டாலோ, ஸ்டீமில் கணக்குத் தொடங்கும்போது வரும் வரிப் படிவத்தைச் சரியாக நிரப்பாவிட்டாலோ 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் படிவத்தை அவசர அவசரமாக நிரப்பியவர்கள் எத்தனை பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள்! ஒரு மணி நேரம் செலவழித்து ஒழுங்காக நிரப்புங்கள், அவ்வளவுதான். உங்கள் ஊர் வருமான வரி தனி.

இப்போது இந்த 52,150 பப்ளிஷர் ஒப்பந்தத்துக்குள் போனால் என்ன ஆகும்? "40,000 அட்வான்ஸ், பிறகு பாதிக்குப் பாதி" என்ற ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக எழுதலாம். முதல் விதம்: 40,000 கிடைக்கும் வரை வருவது எல்லாம் பப்ளிஷருக்கு, அதன் பிறகு பாதி பாதி. அப்படியானால் மீதி 12,150-இல் உங்களுக்கு 6,075; ஆளுக்கு மூவாயிரம் சொச்சம். இரண்டாவது விதம்: முதல் டாலரிலிருந்தே பாதி பாதி, ஆனால் அட்வான்ஸ் கழிவது உங்கள் பாதியிலிருந்து மட்டும். இதைப் படித்தால் முதல் விதத்தைவிட நியாயமாகத் தோன்றும், முதல் டாலரிலிருந்தே என்று இருக்கிறதல்லவா? கணக்குப் போடுங்கள். உங்கள் பாதி 26,075. அது முழுக்க அட்வான்ஸுக்கே போய்விடும், இன்னும் 13,925 பாக்கி என்று கணக்கில் நிற்கும். பப்ளிஷர் கையில் அதற்குள் 52,150 சேர்ந்திருக்கும். போட்ட 40,000 திரும்ப வந்து, மேலே 12,000 லாபமும் பார்த்தாகிவிட்டது. உங்களுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை, இன்னும் கடன்காரர் போலவே நிற்கிறீர்கள். மூன்றாவது விதம்: அட்வான்ஸ் மீளும் வரையிலும் உங்களுக்கு 25 சதவீதம் வந்துகொண்டே இருக்கும், மீண்டபின் பாதி பாதி. இதே விற்பனையில் உங்களுக்கு 13,000 டாலருக்கு மேல் கிடைக்கும்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிதான் வித்தியாசம். அனுப்பியிருந்தால் எது என்று பார்த்துச் சொல்லியிருப்பேன். நீங்களே இந்த 52,150-ஐ அவர்கள் வாசகத்துக்குள் போட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாளோடு போய்ப் பேசினால் மரியாதையே வேறு.

சரி, 10,000 பிரதி விற்குமா? இங்கேதான் கசப்பான விஷயம். 2024-இல் மட்டும் ஸ்டீமில் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வெளிவந்தன. நான் கணக்குப் பார்த்த சிறு கேம்களில், வெளியீட்டு நாளன்று இருந்த விஷ்லிஸ்டில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை முதல் வாரத்தில் பிரதியாக விற்றிருக்கிறது. விதிவிலக்கு இரண்டு பக்கமும் உண்டு. உங்கள் 3,100 அப்படியே இருந்தால் முதல் வாரம் 300 முதல் 600. முதல் வருடம் அதைப் போல மூன்று நான்கு மடங்கு. நல்லபடியாக நடந்து 2,000 பிரதி என்றால், பிரதிக்கு ஐந்தேகால் டாலர் வீதம் பத்தாயிரம் டாலர் சொச்சம். பப்ளிஷரே இல்லாமல், இருவருக்கும் சேர்த்து.

இந்த எண்ணைப் பார்த்துத் தளர்ந்துவிடாதீர்கள், விஷ்லிஸ்ட் வளரக்கூடியதுதான். ஆனால் கடன் பேச்சை இந்த எண்ணின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டுக் கடனுக்கு உங்கள் கேம் விற்றதா இல்லையா என்று தெரியாது. மாதம் பிறந்தால் தவணை கேட்கும். அட்வான்ஸ் அப்படியல்ல. கேம் விற்காவிட்டால் பப்ளிஷருக்கு நஷ்டம், நீங்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. (ஒப்பந்தத்தில் அது வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள்.) பாதிப் பங்கு எதற்கு என்று உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. அந்தப் பாதி, ஆபத்தை அவர்கள் தலையில் ஏற்றியதற்கான விலை. உங்கள் இப்போதைய எண்களில் அது மலிவான விலைதான்.

கப்ஹெட் கதை உண்மை. சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் சகோதரர்கள் வேலையை விட்டார்கள், வீட்டை மறு அடமானம் வைத்தார்கள், 2017-இல் கேம் வந்து பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அவர்கள் அப்படி இறங்கியது, இ3 என்ற பெரிய கேம் கண்காட்சியில் மைக்ரோசாஃப்டின் மேடையில் கேம் காட்டப்பட்டு உலகமெங்கும் பேச்சான பிறகு. உங்களிடம் இருப்பது 3,100 விஷ்லிஸ்ட். இன்னொன்று, வீட்டை அடமானம் வைத்து, கேமும் விற்காமல் போனவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அப்படி இரண்டு பேரின் கணக்கை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். அகலக்கால் வைக்காதீர்கள்.

ஸ்டார்டியூ வேலி என்ற கேமைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள்; எல்லோரும் கேட்கிறார்கள். எரிக் பரோன் தனியாளாக நாலரை வருடம் செய்து 2016-இல் வெளியிட்டார். எல்லோரும் நாலரை வருடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் அவர் தியேட்டரில் டிக்கெட் பார்த்து இருக்கை காட்டும் வேலை செய்தார், துணைவியின் சம்பளத்தில் வீடு ஓடியது என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அவருடைய மாதம் மலிவாக இருந்தது, அதனால் நிறைய மாதம் கிடைத்தது. கடன் வாங்கிய மாதம் அப்படி இருக்காது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: பணத்தைக் கேமின் அளவுக்கு நீட்டப் பார்க்காதீர்கள். கேமைப் பணத்தின் அளவுக்கு வெட்டுங்கள். நான்காவது அத்தியாயத்தோடு கதையை முடியுங்கள்.

உடனே மறுப்பு வரும் என்று தெரியும். ஐந்தாவதில்தான் பெரிய திருப்பம், ஆறாவது இல்லாமல் கதையே இல்லை. இருக்கலாம். ஐந்து ஆறு வருடத்துக்கு முன் ஒரு குழுவோடு இதே விஷயத்தைப் பேசினேன். அவர்கள் கேமில் மீன் பிடிக்கும் ஒரு சின்ன விளையாட்டு உண்டு. ஆறு வாரம் அதில் போயிருந்தது. தண்ணீர் அலை மட்டும் ஒரு வாரம். அதை எடுத்துவிடலாம் என்றதும் மேசையில் பேச்சே நின்றுவிட்டது. கடைசியில் எடுத்தார்கள். கேம் வெளிவந்தபின் ஒரு விமர்சனத்தில்கூட மீன் பிடிக்க முடியவில்லையே என்று யாரும் எழுதவில்லை. இல்லாத ஒன்றை ஆடுபவர் தேடுவதில்லை. உங்கள் திருப்பத்தை நான்காவது அத்தியாயத்தின் கடைசிக்கு இழுத்து வர முடியுமா என்று இரண்டு பேரும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் முடியும், கதை இறுக்கமாகவும் ஆகும். அத்தியாயம் ஒரு மணி நேரம் என்கிறீர்கள். நான்கு மணி நேரப் புதிர் கேம் யாருக்கும் குறைவில்லை, பணத்தைத் திரும்பப் பெறும் இரண்டு மணி நேர எல்லையையும் நன்றாகத் தாண்டுகிறது. விலையை 12 டாலருக்கு இறக்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் மேலே போட்ட கணக்கை மறுபடி போடுங்கள்.

அப்படி வெட்டினால்: நான்காவது அத்தியாயத்தின் மீதிக்கு இரண்டு மாதம், முடிவைத் திருத்த ஒரு மாதம், மெருகேற்றிச் சோதித்து வெளியிட மூன்று மாதம். ஆறு. கையில் ஏழு இருக்கிறதே, போதும் என்று தோன்றும். போதாது. ஸ்டீம் மாதக் கணக்கு முடித்து அடுத்த மாத இறுதியில்தான் பணம் அனுப்பும். மார்ச் 5-ஆம் தேதி வெளியிட்டால் மார்ச் விற்பனை ஏப்ரல் கடைசியில்தான் வங்கிக்கு வரும். ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதம் நீங்கள் சும்மாவும் இருக்க முடியாது. தினமும் பிழை திருத்தி அப்டேட் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆகவே வெளியீட்டு நாளுக்குப் பின் மூன்று மாதச் செலவு கையில் இருந்தாக வேண்டும். இதை விட்டுவிட்டுக் கடைசி வாரம் கிரெடிட் கார்டில் ஓட்டியவர்கள் உண்டு.

ஏழில் ஒரு மாதம்தான் மிஞ்சும், மீதி இரண்டு மாதத்துக்கு எங்கே போவது? இங்கே ஒரு கேள்வி: உங்கள் இருவரில் யார் யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்? கதைப் புதிர் கேமில் பொதுவாகப் படம்தான் தாமதம். புரோகிராமர் காலியிடத்தில் சதுரப் பெட்டிகளை வைத்துச் சோதித்துக்கொண்டு, உண்மையான படம் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார். உங்கள் நிலையும் அதுவானால் நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் வெளியே ஒப்பந்த வேலை பாருங்கள். கேமின் வேகம் அதிகம் குறையாது, சேமிப்பு கரைவது பாதியாகும். தோழி முழு நேரமும் கேமிலேயே இருக்கட்டும். வெளி வேலை பார்ப்பதைத் தோல்வி மாதிரி பலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மூன்றாவது கேம் வரை தாக்குப்பிடித்த குழுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடுகின்றன.

கிரவுட்ஃபண்டிங் வேண்டாம். அண்டர்டேல் என்ற கேம் 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 5,000 டாலர் கேட்டு 51,000-க்கு மேல் வாங்கியது, ஹாலோ நைட் என்ற கேம் அங்கேயே 2014-இல் 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டியது, எல்லாம் சரி. ஆனால் இலக்கை எட்டாவிட்டால் அங்கே ஒரு பைசா வராது. எட்டினாலும் 5 சதவீதம் அவர்கள் பங்கு, மேலே கட்டணம் வசூலிக்கும் செலவு தனி. அதைவிட, ஒழுங்காக நடத்த இரண்டு மாத வேலை. உங்களிடம் இருப்பதே ஏழு மாதம். ஏர்லி ஆக்சஸும் (முடியாத கேமை முன்கூட்டியே விற்பது) அப்படித்தான். மிகக் குறைவாக விற்றாலோ, விற்கவே இல்லாவிட்டாலோ கேமை முடிக்க முடியாதென்றால் அதில் இறங்காதீர்கள் என்று ஸ்டீமே எழுதி வைத்திருக்கிறது. முடிவு தெரியாத கதையைப் பாதியில் விற்பதும் புதிர் கேமுக்கு ஒத்துவராது.

எஞ்சின் மாற்றமா? இப்போதா? வேண்டவே வேண்டாம். 2023 செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்ததும் பலர் பயந்து ஓடினார்கள். சரியாக ஒரு வருடத்தில் அவர்களே அதைக் கைவிட்டார்கள். கோடோ இலவசம்தான், நல்ல எஞ்சின்தான், அடுத்த கேமை அதில் தொடங்குங்கள். ஆனால் வருடத்துக்கு வருமானமும் நிதியும் 2,00,000 டாலரைத் தாண்டாதவர்களுக்கு யூனிட்டியின் பர்சனல் பதிப்பும் இலவசம். சல்லிக்காசு மிச்சம் ஆகாத இடத்தில் மூன்று மாதத்தைக் கொட்டுவானேன்?

விஷ்லிஸ்ட் வளர்ப்பதைப் பற்றி ஒன்று மட்டும். வரவிருக்கும் கேம்களின் டெமோக்களை (இலவச மாதிரிகளை) ஆடிப் பார்க்கும் ஸ்டீமின் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் என வருடம் மூன்று முறை வருகிறது. ஒரு கேம் ஒரே ஒரு முறைதான் கலந்துகொள்ளலாம். ஆகவே அரைகுறை டெமோவோடு போய் அந்த வாய்ப்பை வீணாக்காதீர்கள். வெளியீட்டுக்கு முந்தைய ஃபெஸ்டாகப் பார்த்துப் போங்கள். டெமோவை அதற்குச் சில வாரம் முன்பே வெளியே விட்டு, எங்கே ஆட்கள் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்துத் திருத்துங்கள். உங்கள் முதல் அத்தியாயம் முடிந்திருக்கிறது, அதுவே டெமோ. தனியாகச் செய்ய வேண்டாம்.

பப்ளிஷரிடம் திரும்புவோம். 3,100 விஷ்லிஸ்ட் உள்ள கேமுக்கு 40,000 தர முன்வருகிறார்கள் என்றால், அந்த எண்ணைப் பெரிதாக்க முடியும் என்று அவர்கள் நம்புகிறார்கள். எப்படி என்று கேளுங்கள். கடைசியாக வெளியிட்ட மூன்று கேம்களுக்கு என்ன செய்தார்கள், விஷ்லிஸ்ட் எத்தனையிலிருந்து எத்தனை ஆயிற்று? அந்த மூன்று கேம்களைச் செய்தவர்களோடு அவர்கள் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் எப்படி மீட்கப்படும் என்ற வாசகத்துக்கு அடுத்து நான் விரல் வைத்துப் பார்ப்பது விளம்பரச் செலவு. 40,000 மட்டுமா மீட்கப்படும், அல்லது அவர்கள் செலவழிக்கும் விளம்பரம், மொழிபெயர்ப்பு, விழா ஸ்டால் வாடகை எல்லாம் அதோடு சேருமா? சேருமானால் உச்சவரம்பு வேண்டும், தாண்டினால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். கேமின் உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். விற்பனைக் கணக்கை நீங்கள் கேட்டுப் பார்க்கும் உரிமை வேண்டும். ஒப்பந்தம் முடியும் ஆண்டு ஒன்று இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த 40,000 ஒரே தவணையில் வராது. மைல்ஸ்டோன் மைல்ஸ்டோனாக, அதாவது வேலையின் ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் வரும். என் பழைய குழு ஒன்றுக்கு மூன்றாவது மைல்ஸ்டோன் பணம் 45 நாள் தாமதமானது. பப்ளிஷர் யார் என்பது இங்கே வேண்டாம். வேலை எல்லாம் கொடுத்தாகிவிட்டது, "பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒற்றை வரி மின்னஞ்சல்தான் வந்தது. அவர்கள் ஒப்பந்தத்தில் வேலையை ஒப்புக்கொள்ளக் காலக்கெடு இல்லை. உங்களுடையதில் எழுதுங்கள்: பத்து வேலை நாளுக்குள் பதில் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும், பணம் இத்தனை நாளுக்குள். முதல் தவணை கையெழுத்தானதும் வர வேண்டும். ஆறு அத்தியாயத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு நான்காகக் குறைக்காதீர்கள். நான்கு என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள். தேதி தவறாத சிறிய கேமை அவர்களும் விரும்பத்தான் செய்வார்கள். இத்தனையும் சரியாக வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: உங்கள் எண்களில் அட்வான்ஸுக்கு மேல் பணம் வராமலே போகலாம். அந்த 40,000-ஐயே இந்தக் கேமின் மொத்தச் சம்பளமாக நினைத்துச் செலவைத் திட்டமிடுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த "ஆளுக்குப் பாதி". எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். தோழிக்கு ஆறு மாதம் கழித்து ஒரு நல்ல வேலை கிடைத்துப் போக வேண்டி வந்தால் அவருக்குப் பாதியா? அவர் வரைந்த படங்கள் யாருடையவை? நீங்கள் இரண்டு நாள் வெளியே வேலை பார்த்துக் கொண்டுவரும் பணம் கேமுக்குப் போட்ட முதலா, உங்கள் வீட்டுச் செலவா? நல்ல நட்பில் இதையெல்லாம் பேசக் கூச்சமாக இருக்கும். கேம் விற்காத இடங்களில் இந்தக் கேள்விகள் எழுவதே இல்லை. விற்ற இடங்களில்தான் சிநேகிதர்கள் வக்கீல் மூலம் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எளிய வழி, வேலை செய்த மாதங்களின் விகிதத்தில் பங்கு. 14 மாதம் இருவரும் சமம். இனி ஒவ்வொரு மாதக் கடைசியிலும் யார் எவ்வளவு நாள் வேலை செய்தார் என்று ஒரே ஷீட்டில் இருவரும் எழுதுங்கள். படங்களும் புரோகிராமும் இருவருக்கும் பொது, யார் விலகினாலும் மற்றவர் கேமை முடித்து வெளியிடலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எப்படியும் பப்ளிஷர் கையெழுத்துக்கு முன் இதைக் கேட்பார்.

இந்த வாரம் தோழியோடு உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தையும், நான்கு அத்தியாயத் திட்டத்தையும் முடியுங்கள். கணவரையும் கூட உட்கார வையுங்கள். 52,150 கணக்கை அவரே போட்டுப் பார்க்கட்டும். பப்ளிஷரிடம் பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். கொடுப்பார்கள். கொடுக்காமல் இன்றே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்தினால் எனக்கு உடனே எழுதுங்கள், ஒப்பந்தத்தையும் இணைத்து.